அண்ணன் கழற்றிவிட்ட ஆயில் விளக்கு

எங்கள் பழைய லாரியில் ஆயில் பிரஷர் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். அண்ணன் அதன் ஒயரையே கழற்றிவிட்டிருந்தார். விளக்கு பொய் சொல்லும், காது சொல்லாது என்பது அவர் கட்சி. எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் பாதிப் பேர் அந்தக் கட்சிதான். நான் தாராவி குடோனில் பிளாஸ்டிக் மூட்டைகளோடு மல்லுக்கட்டுகிறவன். லைசென்ஸ் இருந்தும் ஸ்டியரிங்கைத் தொட அவர் விட்டதில்லை. அந்த லாரிதான் அவருக்கு எல்லாம்.

ஒருநாள் செம்பூருக்கு லோடு இறக்கக் கூடப் போனேன். சிக்னலில் நின்றதும் எஞ்சினுக்குள் தகரத்தை ஆணியால் தட்டுவது போல ஒரு சத்தம்.

"அண்ணே, என்ன இது சத்தம்?"

"எந்தச் சத்தம்? சும்மா வால."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சண்டை போட்டு, லோடை இறக்கியதும் தேவ்நாரில் தெரிந்த மெக்கானிக்கிடம் வண்டியை விடவைத்தேன். அவரும் நம் ஊர்ப்பக்கம்தான்.

வண்டி உள்ளே நுழையும்போதே மெக்கானிக்கின் முகம் மாறியது. "அண்ணாச்சி, இம்புட்டு சத்தத்தோடயா ஓட்டிட்டு வாரீய?"

அண்ணன் நீள ஸ்குரூடிரைவர் ஒன்றை எடுத்து, முனையை எஞ்சின் மேலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டார். "ஒண்ணுமில்லயேப்பா. காடி நல்லாத்தான ஓடுது."

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஆயில் அளவு சரியாகத்தான் இருந்தது. விளக்குக்கான சுவிட்சைக் கழற்றி, அந்த ஓட்டையில் மெக்கானிக் தன் பிரஷர் மீட்டரை மாட்டினார். எஞ்சின் ஆறியிருந்தவரை முள் ஓரளவு நின்றது, சூடானதும் படுத்துவிட்டது. அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்தால், ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடை முழுக்கக் காய்ந்த பசைத் துணுக்குகள். முன்பு யாரோ சம்பை ஒட்டும்போது பசையை அள்ளி அப்பியிருக்கிறார்கள். பேரிங்குகளும் தேய்ந்திருந்தன. அவை தாங்கும் கிராங்க் தண்டு எப்படியோ தப்பியிருந்தது. சல்லடையைக் கழுவி, பேரிங் மாற்றி, புது ஆயில் ஊற்றி முடிக்கச் சில நாளானது. அதன்பின் எஞ்சின் சூடேறியும் முள் இறங்கவில்லை. விளக்கின் ஒயரையும் மாட்டிக்கொடுத்தார்.

திரும்பும்போது அண்ணன்தான் ஓட்டினார். கொஞ்ச தூரம் வந்தபின், "சத்தம் நின்னுட்டால?" என்றார். என்னிடம் அவர் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை.

"நின்னுட்டுண்ணே."

சயான் நெருங்கும்போது பின்னால் ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டே வந்தது. அண்ணன் நிதானமாக நடுவில் போய்க்கொண்டிருந்தார். ஒதுங்குவார், ஒதுங்குவார் என்று பார்த்து, கடைசியில் அவர் முழங்கையைத் தொட்டேன். கண்ணாடியைப் பார்த்தவர் பதறிப்போய் வண்டியை ஒடித்தார். ஆம்புலன்ஸ் எங்களைக் கடந்து போனது.

லாரியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"எம்புட்டு நேரமால அடிச்சிக்கிட்டு வந்தான்?"

"இப்பத்தாண்ணே வந்தான்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு இறங்கி, லாரியின் முன்பக்கமாகச் சுற்றி நடந்து வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"ஸ்டியரிங் பக்கம் தள்ளி உக்காருல," என்றார்.