விழுப்புரம் ஹாஸ்டலுக்கு ஒரு மணியார்டர்

பேமென்ட் ஆப்புக்கு கோடு எழுதிச் சம்பளம் வாங்குறவன் நான். இன்னிக்கு லீவு போட்டு, திண்டிவனம் போஸ்ட் ஆபீஸில் அம்மாவோடு மணியார்டர் வரிசையில் நின்றேன்.

அண்ணன் அடிதடி கேஸில் விழுப்புரம் ஜெயிலில் இருக்கிறான். சோப்பு, பிஸ்கட் வாங்க அவனுக்கு மணியார்டரில்தான் பணம் அனுப்பணும். ஊரிலேயே அனுப்பலாம். தெரிஞ்சுடும் என்று அம்மாவுக்குப் பயம்.

முன்னால் நின்றவர் திரும்பினார். எங்கள் தெரு செல்வி அத்தை.

"இன்னா அண்ணி, இவ்ளோ தூரம்?"

"பெரியவன் விழுப்புரத்துல ஹாஸ்டல்ல இருக்கானே, அவனுக்குத்தான்."

அண்ணனுக்கு முப்பது தாண்டியாச்சு.

"எம்புள்ளயும் அங்கதான் ஹாஸ்டல்ல இருக்கான்" என்றார் அத்தை.

அவர் முறை வந்தது. கவுன்ட்டர்காரர் ஃபாரத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: "கைதி நம்பர் எங்கம்மா?"

அத்தை தலை நிமிரவே இல்லை.

அம்மா என் கையிலிருந்த எங்கள் ஃபாரத்தைப் பிடுங்கி அத்தை முன்னால் வைத்தது. "இதுல கைதி நம்பர் எழுதிக்கீற இடத்துலயே நீயும் எழுது, செல்வி."

திரும்பும்போது பஸ்ஸில் ரெண்டு பேரும் ஒரே சீட்டு. ஹாஸ்டல்ல கொசு ஜாஸ்தியாம், பேசிக்கினே வந்தாங்க.

ஊருக்குப் பயந்து திண்டிவனம் வர்றவங்க இன்னும் எத்தனை பேருப்பா? சொல்லுங்க, அடுத்த மாசம் ஒரே வேனா பிடிச்சுடலாம்.