பிரேக்கில் காற்று

பிரேக் லைனில் காற்று புகுந்துவிட்டால் தனியாளாக எடுக்க முடியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளை ஸ்பேனரால் திறந்து மூட வேண்டும். அவர் "பிடி" என்றால் மிதித்தபடியே பிடிக்கணும். "விடு" என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். செய்த வேலை வீண்.

எங்கள் வீட்டில் மிதிக்கிறவன் அண்ணன். கோர்படி ரயில்வே காலனியில் இருந்தோம். கார் என்னைவிட வயதில் மூத்தது. மாடிவீட்டு மராட்டிக்காரர் போகும்போதெல்லாம் அப்பாவைப் பார்த்து, "அண்ணா, பங்கார் மே டாலோ" என்பார். காயலான் கடையில் போடுங்கள் என்று அர்த்தம். அப்பாவும் சிரித்துக்கொண்டு, "உங்க ஸ்கூட்டர் முதல்ல போகட்டும், பின்னாடியே வர்றேன்" என்று இந்தியில் சொல்வார்.

அந்தக் காரை அண்ணன் கேட்காமல் லோனாவ்ளாவுக்கு ஓட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்ததும் அப்பா படிக்கட்டிலேயே வைத்து அறைந்தார். அண்ணன் தள்ளிவிட்டான். அப்பா விழுந்தார். காலனியே பார்த்தது. அன்றைக்குப் போனவன் தளேகாவில் ஒரு கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ரூம் எடுத்துக்கொண்டான். வீட்டில் அவன் பேச்சையே எடுக்க விடவில்லை அப்பா.

அடுத்த வருஷம் பெடல் தரைவரைக்கும் இறங்க ஆரம்பித்தது. அப்பா என்னை உட்காரவைத்தார். எனக்குப் பத்து வயசு. சீட் நுனிக்கு நழுவி, இரண்டு காலாலும் மிதித்தேன்.

"மிதிக்கிறியா, கோலம் போடறியா?" பின்சக்கரத்திலிருந்து அப்பா கத்தினார்.

அப்போது அண்ணன் கேட்டில் வந்து நின்றான். வேலை கிடைத்து மறுநாள் மஸ்கட்டுக்கு பிளேன் ஏறுகிறான், அதற்கு அன்றைக்கே ரயில் பிடிக்கணும். சொல்லிவிட்டுப் போக வந்திருந்தான். அப்பா காருக்கடியில் தலையை விட்டிருந்ததால் பார்க்கவில்லை. அம்மா படியிறங்கி ஓடி வந்தாள். பேசாமல் என்னை இறக்கி, அவனை அந்த சீட்டில் உட்காரவைத்தாள்.

"சத்தம் மட்டும் நீ குடு" என்று என் காதில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். நான் இடதுபக்கக் கதவோரம் நின்றுகொண்டேன்.

"பிடி" என்றார் அப்பா. அண்ணன் மிதித்தான்.

"பிடிச்சாச்சு" என்று நான் கத்தினேன்.

நான் மிதித்தபோது சொட்டுச் சொட்டாக வந்த பிரேக் ஆயில், இப்போது நிப்பிளுக்கடியில் வைத்த பாட்டிலில் பீய்ச்சி அடித்தது. அப்பா பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு "விடு" என்றார்.

இதற்கு ஒரு வரிசை உண்டு. தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டே வரணும். பின்னால் இரண்டும் முடிந்தது. முன்னால் இடதும் முடிந்தது. கடைசிச் சக்கரம் டிரைவர் காலுக்கு நேர் முன்னால். அப்பா குனிந்த தலையோடு சுற்றி வந்து அங்கே உட்கார்ந்தார். அவர் தலைக்கும் அண்ணன் முழங்காலுக்கும் நடுவில் ஒரு தகரம்தான். நிமிர்ந்தால் கண்ணாடி வழியாக முகம் தெரியும். நிமிரவில்லை. அண்ணன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிடி."

"பிடிச்சாச்சு."

நிப்பிளைத் திறந்தார். குமிழி இல்லாமல் ஆயில் வந்தது, காற்று முழுக்கப் போய்விட்டது. மூடினார். ஸ்பேனரைக் கீழே வைத்தார். "விடு" என்று சொல்லவில்லை.

அண்ணன் கால் நடுங்க ஆரம்பித்தது.

"அப்பா, விடலாமா?"

"இரு பாப்பா. கொஞ்சம் இரு."

எவ்வளவு நேரமோ, தெரியாது. அண்ணனுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மெதுவாகக் காலை எடுத்தான். இந்தப் பக்கமாக நகர்ந்து இறங்கினான். என் தலையில் ஒருதரம் கை வைத்தான். போய்விட்டான். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

அதற்கப்புறம்தான் அப்பா, "விடு" என்றார்.

"விட்டாச்சு" என்றேன்.

அவர்கள் இரண்டு பேரும் மறுபடி பார்த்துக்கொள்ளவில்லை. அண்ணன் லீவு கிடைத்து வருவதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும். ஒரே ஓட்டமாகப் படியேறினேன்.

"அம்மா, அப்பா கண்டே பிடிக்கல!"

அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். அப்பா இன்னும் அந்தச் சக்கரத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.