தெய்வசிகாமணி ஓட்ட மறுத்த நாள்

இது நடந்த கதை. சாமியம்மாள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சத்தியம் செய்துதான் ஆரம்பித்தேன். முதல் வாய் டீ இறங்குவதற்குள் மனசு உறுத்தியது. அங்கங்கே கொஞ்சம் இழுத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன். நெய்வேலி வெயிலில் தண்டவாளமே நீளும்போது கதை நீளாதா.

தெய்வசிகாமணி கம்மாபுரம் பக்கத்து ஆள். இரண்டு ஏக்கர் வயல் சுரங்கத்துக்குப் போனபிறகு, டவுன்ஷிப்பில் கான்ட்ராக்ட் டிராக்டர் டிரைவராகப் பதினெட்டு வருஷம். அவர் சிரித்து நான் பார்த்தது இரண்டே தடவை. அதில் ஒன்று கொட்டாவியாக இருக்கலாம்.

ஒரு கிளப் மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய கான்ட்ராக்டர், துளை போடும் மிஷின் ஒன்றை வாங்கினான். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது. தையல் மிஷின் ஊசி மாதிரி நாலாயிரம் இரும்புக் குழாய்கள், சரி, நாற்பது, மேலும் கீழும் குத்தி மண்ணை விரல் விரலாகப் பிடுங்கிப் போடும். புல்லின் வேருக்குக் காற்று போக வேண்டுமாம். "மனுசன் மூச்சு உட வழியில்ல, புல்லுக்கு மூக்கு குத்துறானுங்க" என்று அவரோடு மைதானத்தில் வேலை பார்த்த நாங்கள் சிரித்தோம்.

சிகாமணி சிரிக்கவில்லை. மிஷினோடு வந்த ஆள் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டார். ஓட்டுவதற்கு முதல் நாளே தண்ணீர் விட்டு மண்ணை இளக்குவார். தண்ணீர் பீய்ச்சும் குழாய் புதைந்த இடமெல்லாம் சிவப்புக் கொடி நடுவார். மிஷினைத் தூக்கிவிட்டுத்தான் வளைவில் திரும்புவார். இல்லாவிட்டால் புல் பாய் மாதிரி சுருண்டு வந்துவிடும். கல் சிக்கினால் எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டபிறகுதான் கை வைப்பார்.

"கட்டின பொண்டாட்டியக்கூட இப்படி பத்திரமா வெச்சிகினது இல்லியே" என்பேன்.

"உன் வாயையும் கொஞ்சம் ஆஃப் பண்ணி வைடா" என்பார்.

போன வருஷம் பொருட்காட்சிக்கு லாரிகள் நின்று நின்று மைதானம் சிமெண்ட் தரையாகிவிட்டது. பந்தய ஆட்டம் வருகிறது, வெள்ளிக்கிழமைக்குள் துளை போட்டாக வேண்டும், தண்ணீர் விட்டுக் காத்திருக்க நாள் இல்லை என்றார்கள். சனிக்கிழமை கான்ட்ராக்ட் ஆட்களுக்கு கேட் பாஸ் புதுப்பிக்கும் நாள். பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவரை வேறு யார் சேர்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை குழாய்கள் இறங்காமல் மிஷின் தவளை மாதிரி குதித்தது. சிகாமணி நிறுத்தினார். சூப்பர்வைசர் சண்முகசுந்தரம் வந்தார்.

"என்னா சிகாமணி, நிறுத்திகினு நிக்கிற?"

"தண்ணி உடணுங்க சார். நாளைக்கு ஓட்டினா வெண்ணெயா எறங்கும்."

"நாளைக்கு உன் பாஸு இருக்குது, ஞாபகம் இருக்கா? வெயிட்டு பத்தல, அவ்ளோதான். ஒரு ஆள ஏத்து."

புல் வாரும் சின்னதுரை அதற்குள் மிஷின் மேல் ஏறிவிட்டான். நான் கதை சொன்னபோது அவனும் பெஞ்சின் கோடியில்தான் இருந்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. சேற்றில் பரம்படிக்கும்போது பலகை மேல் ஏறி நிற்காத கால் எங்கள் பக்கம் கிடையாது. ஆள் கனத்தில்தான் வயல் சமமாகும்.

"பரம்பு மேல நின்ன காலுண்ணே இது. நீ ஓட்டு."

"பரம்புல உழுந்தா சேறு. இதுல உழுந்தா இரும்பு. எறங்குடா."

"அப்ப உனக்கு பாஸ் வேணாம்" என்றார் சூப்பர்வைசர்.

சிகாமணி எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார்.

ஆபீசில் இன்னொரு சாவி இருந்தது. ஒரு லாரி டிரைவரைக் கூப்பிட்டு ஓட்டச் சொன்னார்கள். பத்தடி போயிருக்கும். மிஷின் எகிறியது, சின்னதுரை சறுக்கினான், வலது கால் உள்ளே போனது. மூன்று விரல். இந்த இடத்தில் நான் எதையும் இழுக்கவில்லை. ஓடிவந்து துண்டைக் கிழித்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போனது சிகாமணிதான்.

பழகிய டிரைவர் வேலையைப் போட்டுவிட்டுப் போனதால் விபத்து என்று ரிப்போர்ட் எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து சின்னதுரையுடையது. சனிக்கிழமை சிகாமணி வரிசையில் நின்றார். பட்டியலில் பெயர் இல்லை. இப்போது திருவதிகைப் பக்கம் யாரோ ஒருவர் தோட்டத்தில் பலாப்பழம் ஏற்றி இறக்குகிறார். மைதானம் பச்சைப் பசேலென்று இருக்கிறது. சண்முகசுந்தரத்துக்கு கான்ட்ராக்டர் சால்வை போர்த்தினான்.

கதையை முடித்து இன்னொரு டீ கேட்டேன். சாமியம்மாள் டீ ஆற்றவில்லை.

"பதமா ஓட்டத் தெரிஞ்சவரு அவுரு ஒருத்தருதான். அவுரே ஓட்டியிருந்தா இந்தப் புள்ள விரலு இருந்திருக்கும்."

மைன்ஸில் வெல்டராக இருந்து ரிட்டையரான அமிர்தநாதன் பேப்பரைக் கீழே வைத்தார். "ஏத்தினவன உட்டுட்டு, எறங்கச் சொன்னவன புடிக்கிறியா நீ?"

"நெழல்ல உக்காந்துகினு பாத்தாரே, அதுக்கு என்னா பேரு?"

"அதுக்கு மானம்னு பேரு. பொய்க் கையெழுத்து போட்டவனுக்குத்தான் பேரு இல்ல."

சின்னதுரை எழுந்தான். "என்னைக் கேளு சார். அங்க என்னாத்துக்கு சொல்ற?"

"உன்னைத்தான்டா. ஏன் போட்ட?"

"போடலன்னா என் பாஸும் போயிருக்கும். இந்தக் கால வெச்சிகினு எங்க போவ? உனக்கென்னா, நீ பர்மனென்ட்டா இருந்த ஆளு."

"பர்மனென்ட்டுன்னா நாக்கு அழுகிடுமாடா?" என்று அமிர்தநாதன் அவன் சட்டையைப் பிடித்தார். பெஞ்ச் கவிழ்ந்தது. சாமியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள், யாரை அடிக்க என்று தெரியாமல்.