ரோஜாப்பழ டீயும் அரை டம்ளர் பாலும்

என் தலைக்குள் மூளை இருக்கவேண்டிய இடம் காலி என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கே நிரூபணமானது. அடுகோடியில் மாமியார் வீட்டு அடுப்படி. எவர்சில்வர் டம்ளரில் செக்கச்செவேலென்று ரோஜாப்பழ டீ. அதில், டீயைக் கண்டால் கை தானாகச் செய்யும் காரியமாக, அரை டம்ளர் பாலை ஊற்றினேன். எலுமிச்சைபோல அது புளிக்கும் என்று வீடு முழுக்கப் பிரசங்கம் செய்திருந்தவனும் நானேதான். பால் திட்டுத்திட்டாகத் திரிந்து மிதந்தது.

ஆபீசில் யாரோ கொடுத்த பொட்டலத்தில்தான் அந்த டீயை முதலில் குடித்தேன். ரோஜா இதழ் உதிர்ந்தபின் காம்பில் உருண்டு சிவக்கிற பழம், அதைக் காயவைத்துக் கொதிக்கவைத்தால் டீ என்று தெரிந்ததும் துள்ளினேன். அத்தை வீட்டு மாடியில், பெயின்ட் பக்கெட்டில், ரோஜாச் செடி இருந்தது! ஆனால் அதில் பழத்தை யாரும் பார்த்ததில்லை. பூ விரிந்த அன்றே அத்தை கத்தரித்துக் கூடத்துப் புத்தர் படத்துக்கு வைத்துவிடுவார். செடியே அத்தை முன்பு இருந்த கோலார் தங்கவயல் வீட்டிலிருந்து குச்சியாக வந்தது. பூ வைக்கும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது. கடைப்பூ வைக்க அவருக்கு மனம் வராது.

“பறிக்காமல் விடுங்களேன் அத்தை” என்று பின்னாலேயே சுற்றினேன். “வாடின பூவைச் செடியிலயே விட்டா, இந்த வீட்டுப் பொம்பளை சோம்பேறின்னு தெருவே பேசும் மாப்ளே” என்றவர், கடைசியில் கத்தரியை ஆணியில் மாட்டிவிட்டு, “சொல்ப நாள்தானே, புத்தர் கோவிச்சுக்க மாட்டார்” என்றார்.

அப்புறம் என் ஆட்டத்தைக் கேட்கவா வேண்டும்? ஈஜிபுராவில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் ஓடிவந்து, குழந்தையின் முதல் பல்லைப் பார்ப்பவன்போல அந்தப் பச்சைக் காய்களைப் பார்த்தேன். ஒன்று மஞ்சளானதும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து மாடிக்காரர் வடாம் தட்டைக் கீழே போட்டார். சிவந்ததும் பறித்து, பிளந்து, தொண்டையை அரிக்கும் உள்முடியைச் சுரண்டி எடுத்துக் காயவைத்தேன். அவ்வளவும் செய்துவிட்டுத்தான் பால்.

அத்தை டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். “இதுக்கா புத்தரை இத்தனை நாள் வெறுமனே உக்கார வெச்சீங்க?” மறுநாள் காலையே கத்தரி ஆணியிலிருந்து இறங்கிவிட்டதாக மனைவி போனில் கேட்டுச் சொன்னாள். பூ போனால் பழம் ஏது? என் டீ அத்தோடு சரி. காய்ந்ததில் ஒரு கைப்பிடிதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு அதை மெதுவாகக் கொதிக்கவிட்டு, துணியில் இரண்டுமுறை வடிகட்டி, துளி வெல்லம் போட்டு நீட்டினேன். அத்தை முழுசாகக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

இன்று எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு டப்பா நிறைய ரோஜாப்பழம் இருக்கிறது. அந்த டம்ளரையும் அத்தையிடம் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். கையில் எடுக்கும்போதெல்லாம், அத்தை அதில் டீ குடித்ததற்கு அடுத்த ஞாயிறுதான் கண்ணில் நிற்கும். பயந்துகொண்டே மாடி ஏறினேன். பூக்கள் எல்லாம் காம்பிலேயே வாடி, இதழ் உதிர்த்து நின்றன. இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி, “அத்தை! பூவை விட்டுவைத்திருக்கிறீர்களே!” என்று கத்தினேன்.

“பாலை மட்டும் தொடாதீங்க மாப்ளே.”