நான் துடைத்த மை

எனக்கு வாய் நீளம். ரேஷன் கடையில் வரிசை தாண்டுகிறவனை விடமாட்டேன், பஸ்ஸில் காலை மிதிக்கிறவனை விடமாட்டேன், மாமியாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விஷயத்தில் ஆறு அமாவாசை வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன், வழக்கு நடக்கிறது. தரை துடைப்பது, பெட்ஷீட் மாற்றுவது என் வேலை. பிளஸ் டூ படித்தவள் என்பதால் ஃபாரங்களில் கையெழுத்து வாங்குவதையும் நர்ஸம்மா என் தலையில் கட்டியிருந்தார்.

அந்தப் பெண் சிங்கவரம் பக்கத்திலிருந்து வந்தாள். இருளர் வீட்டுப் பெண், இரண்டாவது பிரசவம். வலியோடு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளிடம் அட்மிஷன் ஃபாரத்தையும் மைப்பெட்டியையும் சேர்த்தே நீட்டினேன். யோசித்து நீட்டவில்லை. இருளர் என்றால் கைநாட்டு என்று என் கைக்கே பழகிப்போயிருந்தது. அவள் அந்த வலியிலும் சிரித்தாள்.

"பேனா குடுக்கா. எட்டாவது வரிக்கும் படிச்சிருக்கறேன்."

நிறுத்தி நிதானமாக முழுப் பெயரையும் எழுதினாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். ஆண் பிள்ளை. அதே வெட்டில் கருக்குழாயையும் கட்டிவிட்டார்கள். அவளையும் கேட்கவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நின்ற அவள் புருஷனையும் கேட்கவில்லை. அவளை வார்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் குடும்பக் கட்டுப்பாட்டு ஃபாரம் காலியாக இருப்பது நர்ஸம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

"ஏம்மா, அவ முழிக்கறதுக்குள்ள கைநாட்டு வாங்கிடு. இதுங்கள எழுப்பி, எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்கி... நடக்கற கதையா?"

அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை போய்விடுமே என்று மென்று விழுங்கினேன். மயக்கத்தில் கிடந்தவளின் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, ஃபாரத்தில் வைத்தேன். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அந்த விரலை நகக்கண் வரை துடைத்தேன். விழித்ததும் மையைப் பார்த்துக் கேட்டுவிடுவாளே என்றுதான். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன்.

நான்கு வருஷம் கழித்து ஓர் அமாவாசையன்று செஞ்சியில் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஏறினேன். மடியில் மஞ்சள் துணி சுற்றிய சின்ன மரத்தொட்டிலோடு அவள் உட்கார்ந்திருந்தாள். திரும்பி இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அக்கா, நீ ஆஸ்பத்திரி அக்காதானே? அன்னிக்கு நீதான் என் கையப் புடிச்சினு இருந்த. நான் மறக்கவே இல்லக்கா."

எழுந்து ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தாள். பஸ் போகப் போக எல்லாம் சொன்னாள். அந்தப் பையன் எட்டாவது மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டான். மூத்த பெண் பள்ளிக்கூடம் போகிறாள். அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை.

"ஆத்தாவுக்கு எம்மேல இன்னா கோவமோ தெரியலக்கா. நான் இன்னா பாவம் பண்ணேனோ."

"மாத்திர எதுனா சாப்ட்டியா?" என்று கேட்டேன். எவ்வளவு வெட்கங்கெட்ட கேள்வி!

அதன்பின் அமாவாசைக்கு அமாவாசை எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பாள். ஒவ்வொரு தடவையும் புதுத் தொட்டில் கொண்டுவந்து கட்டுவாள். அங்காளம்மன் முன்னால் நின்று கும்பிடமாட்டாள், சண்டை போடுவாள். "கண்ணு அவிஞ்சி பூட்ச்சா உனுக்கு? எம் புள்ளய எடுத்துக்கினியே, இன்னொண்ணு குடுத்தா கொறஞ்சா பூடுவ?" கூட்டம் திரும்பிப் பார்க்கும். எனக்கு வரவேண்டிய ஏச்சையெல்லாம் ஆத்தா வாங்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் எலுமிச்சம்பழத்தோடு நின்றிருப்பேன்.

ரேஷன் கடை மெஷினில் என் ரேகை விழாது, பிளீச்சிங் பவுடரில் தேய்ந்துவிட்டது. "நல்லா அழுத்துமா" என்று கடைக்காரர் சொல்லும்போதெல்லாம் என் கைக்குள் இன்னொரு விரல் இருக்கும். சூடாக, எதிர்ப்பே இல்லாமல். மைப்பெட்டியைத் தொட்டாலும் அப்படித்தான், தரையைத் துடைத்தாலும் அப்படித்தான். இன்றைக்கும் அது போகவில்லை.

ஆறாவது அமாவாசையில் அவள் பாதியாக இளைத்திருந்தாள். ஒருவேளைச் சோறுதான் சாப்பிடுகிறாளாம், அடுத்த தடவை தீச்சட்டி எடுக்கப்போகிறாளாம். "ஒடம்ப வருத்தினாத்தான் ஆத்தா எறங்குவா" என்றாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. செஞ்சியில் இறங்கியதும் கோட்டைக்குப் போகும் ரோட்டில் ஒரு புளியமரத்தடிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆத்தா உன்ன ஒண்ணும் பண்ணலம்மா. ஆஸ்பத்திரிலதான் பண்ணாங்க. புள்ளய எடுக்கறப்பவே கொழாயக் கட்டிட்டாங்க. இனிமே உனக்குத் தங்காது. கைநாட்டு வச்சது நான்தான்."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"ஆத்தாவ நான் பேசாத பேச்சில்லியேக்கா" என்றாள் முதலில். கொஞ்சம் கழித்து, "எனுக்குக் கையெழுத்து தெரியுமே. அது உனுக்கும் தெரியுமே" என்றாள். பஸ்ஸுக்கு நிற்காமல் சிங்கவரம் ரோட்டில் நடந்து போய்விட்டாள். விரலைத் துடைத்ததை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு வக்கீலம்மாவைப் பிடித்து, தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டுக் காகிதங்களை வாங்கினாள். ஒரே நாள் தேதியில் இரண்டு தாள். ஒன்றில் அவள் கையெழுத்து, இன்னொன்றில் கைநாட்டு. ரேகை அவளுடையதுதான், ஆகவே சம்மதித்துத்தான் வைத்தாள் என்று ஆஸ்பத்திரி பதில் எழுதியது. அந்தத் தாளோடு என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"நீ வந்து சொன்னாத்தான் கேஸு நிக்கும்னு வக்கீலம்மா சொல்றாங்க. வருவியா, மாட்டியா?"

போனேன். வேலையும் போயிற்று.

வக்கீலம்மா என் வாக்குமூலத்தை எழுதிவிட்டு உரக்கப் படித்தார். அவள் தன் இடது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க்கா, மை வச்சா ரெண்டு நாளு போவாதே. நான் முழிச்சப்ப வெரல்ல மையே இல்லியே?"

"நான்தாம்மா தொடச்சேன். நீ பாத்துடக் கூடாதுன்னு."

அவள் அந்த விரலை மற்றக் கையால் தடவிப் பார்த்தாள்.

"யாரோ என் கையப் புடிச்சி பஞ்சால மெதுவா தொடச்சி வுட்டாங்க. அர மயக்கத்துல கண்ணத் தொறந்தா, நீ. அங்க என்னத் தொட்டவங்கள்ல நீ ஒருத்திதான் நல்லவன்னு நெனச்சினு இருந்தேன். அதுக்குத்தான்க்கா பஸ்ல உனுக்கு எடம் புடிச்சது."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. மேஜைமேல் இருந்த வாக்குமூலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

"அதயும் எழுதுக்கா" என்றாள்.