ஓரத்தில் விழுந்த கட்டைவிரல்

கேக் கடைக்காரி எடுக்கும் படங்களில் எல்லாம் அவள் கட்டைவிரலும் ஓரத்தில் விழுந்துவிடும். "கேக்கை விக்கிறியா, விரலை விக்கிறியா?" என்று கணவன் கிண்டலடிப்பான். எதிர்க்கடையிலோ செயற்கை நுண்ணறிவு வரைந்த கேக்குகள் சுவரில் பளபளத்தன. கூட்டமும் அங்கேதான் மொய்த்தது.

அப்புறம் சட்டம் வந்தது. இயந்திரம் வரைந்த படமென்றால் அதன்மேலேயே அப்படி எழுத வேண்டுமாம். சுவர் முழுக்க 'இது இயந்திரம் வரைந்தது' என்று ஒட்டிய எதிர்க்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

சோதனைக்கு வந்த அதிகாரி இவள் கடையில் மாட்டியிருந்த பதினாறு படங்களையும் காட்டி இவளிடமும் கேட்டார்: "இதெல்லாம் நிஜப் படம்னு எப்படிம்மா நம்புறது?"

அடுப்பு சுட்ட தழும்புள்ள கட்டைவிரலை நீட்டினாள். "பதினாறு படத்துலயும் இதே தழும்புதான் சார். நிதானமா பாருங்க."

அதிகாரி சிரித்தே விட்டார்.

மறுநாள் புது கேக்கைப் படமெடுக்கப் போனவளிடம் கணவன் சொன்னான்: "விரல் சரியா விழுதான்னு பாத்து எடு!"