அருவிக்கு ஒரு குரல்

எங்கள் பக்கம் ஒருவர் குரலை மெச்ச வேண்டுமென்றால், "வெங்கலத்துல தட்டுனாப்புல இருக்கு" என்பார்கள். தென்காசியில் அப்படிப் பேர் வாங்கிய குரல் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். ஜவுளிக்கடை, நகைக்கடை, புதிதாகத் திறக்கிற பல் ஆஸ்பத்திரி, எதுவானாலும் ஆட்டோ ஸ்பீக்கரில் அந்த அண்ணாச்சிதான் பேசுவார். வேலையாக இருக்கிற பெண்கள்கூட கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். நான் நடத்துகிற சின்ன ஒலிப்பதிவு அறைக்கு முதல் ஆளாக வந்து பேசிக்கொடுத்தவரும் அவர்தான். மூச்சை எங்கே வெட்டுவது, மைக்கை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதெல்லாம் அவர் பேசப் பேச நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அதனால், குற்றாலத்தில் ஓர் அருவிக்கரையில் போட எச்சரிக்கைக் குரல் வேண்டும் என்று அதிகாரி ஒருவர் கேட்டு வந்தபோது நான் வேறு யாரையும் யோசிக்கவில்லை. மேலே மழை பெய்து தண்ணீர் கூடினால், குளித்துக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று வெளியே வர வேண்டும். காவலர்கள் விசில் ஊதி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறார்கள். "கேட்டா கணீர்னு இருக்கணும்மா" என்றார் அதிகாரி.

வாசகம் இரண்டே வரி. 'தண்ணீர் கூடுகிறது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வாருங்கள்.' அண்ணாச்சி ஒரே மூச்சில் பேசிக் கொடுத்தார். என் அறையில் அதைக் கேட்டபோது எனக்கே புல்லரித்தது.

கையிருப்புக்கு அதே வாசகத்தை இன்னொரு குரலிலும் பதிவுசெய்து வைத்திருந்தேன். வடகரைப் பெண். வீட்டுக்காரர் துபாயில். கல்யாண மண்டபங்களில் பெண்கள் பந்தியில் மைக் பிடிப்பவள். சாப்பிட்டு முடித்தவர்கள் கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் அடுத்த பந்திக்கு ஆள் நிற்கும். இவள் ஒரு குரல் கொடுத்தால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆனால் இனிமை கிடையாது. மூக்கால் பேசுகிற, மெல்லிய, கூரான குரல். அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு, "தகரத்துல ஆணியை வச்சுக் கீறுதாப்புல இருக்கு தாயி. பிள்ளை நல்ல பிள்ளைதான், கொரலுக்கு என்ன செய்ய?" என்றார். நானும் சிரித்தேன்.

ஆனி மாதம், நல்ல சீசன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஒத்திகை என்று யாரிடமும் சொல்லாமல் போட்டுப் பார்ப்போம், எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் பார்ப்போம் என்று அதிகாரி சொல்லியிருந்தார். அண்ணாச்சியும் கூட வந்திருந்தார். என் போனை ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்து அண்ணாச்சியின் குரலைப் போட்டேன்.

கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். அருவிக்குள் இருந்தவர்களில் ஒருவர்கூட அசையவில்லை.

"ஸ்பீக்கர் திரும்பி இருக்கும் சார்" என்றார் அண்ணாச்சி. சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "நானே உள்ள போய்க் கேக்கேன். நீ போடு" என்று ஆண்கள் பக்கம் போய் அருவிக்குள் நுழைந்தார். மறுபடியும் போட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "நல்லாக் கேக்கு" என்றார்.

அவர் கண் என்னைப் பார்க்கவில்லை. பேசியவரே கேட்டால் சொல் முன்கூட்டியே தெரியுமே என்று எனக்குள் ஓடியது. அதை எப்படி அவரிடம் சொல்வது? போனைக் காவலரிடம் கொடுத்து, போடச் சொல்லிவிட்டு, கட்டிய சேலையோடு பெண்கள் பக்கம் போய் நின்றேன்.

தண்ணீர் தலையில் இறங்கியதும் காதுக்குள் அருவி மட்டும்தான் இருந்தது. அவருடைய அந்தக் கனமான குரல் அருவியின் இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்து போயிருந்தது. எங்கோ யாரோ பேசுகிறார்கள் என்று தெரிந்ததே ஒழிய, என்ன என்று தெரியவில்லை. பக்கத்தில், வீரகேரளம்புதூரிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி, மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றாள். நான் அவள் காதருகே கேட்டேன்.

"ஏதோ சொல்லுதாங்களே, என்னக்கா?"

"அந்தத் துணிக்கடைக்காரரு கொரல்லா? ஆடித் தள்ளுபடி போலுக்கு. நீ குளி" என்றாள்.

எனக்கு அந்தத் தண்ணீருக்குள்ளேயே வியர்த்தது. சொட்டச் சொட்டக் கரைக்கு வந்தேன். அதிகாரி, "என்னம்மா, கேட்டுச்சா?" என்றார். அண்ணாச்சி சட்டையைத் தோளில் போட்டபடி நின்றார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தேன்.

அப்போதுதான் அருவியின் சத்தம் மாறியது. இரைச்சல் தடித்தது. வெள்ளையாக விழுந்த தண்ணீரில் ஓர் ஓரம் செம்மண் நிறமானது. சருகும் குச்சியும் விழ ஆரம்பித்தன. காவலர் விசிலை ஊதிக்கொண்டு ஓடினார். குளிக்கிறவர்களுக்கு அது இன்னும் சுகமாக இருந்திருக்க வேண்டும். கையைத் தூக்கிக் கூச்சல் போட்டார்கள். நான் பேசிய பெண் மகளை இன்னும் உள்ளே தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"போடுங்கம்மா, சீக்கிரம் போடுங்க" என்றார் அதிகாரி.

போன் மறுபடி என் கையில். திரையில் இரண்டு பதிவும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஈர விரலுக்குத் திரை கேட்கவில்லை. சேலையில் துடைத்தேன், சேலையும் ஈரம். அவருடைய கைத்துண்டைப் பிடுங்கித் துடைத்துவிட்டு, கீழே இருந்ததைத் தொட்டேன்.

வடகரைப் பெண்ணின் குரல் அருவிக்கு மேலே ஏறிக் கீறியது. ஆண்கள் பக்கம் தலைகள் திரும்பின. பெண்கள் பக்கம் அதற்கு முன்பே கைகள் பிள்ளைகளைத் தேடின. பதிவு இரண்டாவது முறை ஓடும்போது அந்த வீரகேரளம்புதூர்ப் பெண் மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். எல்லாரும் ஒரு மாதிரி எரிச்சலோடு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார்கள். வந்தார்கள், அது போதும். கடைசி ஆளைக் காவலர் கையைப் பிடித்து இழுத்த கொஞ்ச நேரத்தில், அவர்கள் நின்ற இடத்தில் சிவப்புத் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

"யாரும்மா இது? காதே வலிக்கி" என்றார் அதிகாரி. பிறகு அருவியையும் கரையையும் பார்த்துவிட்டு, "இதையே வச்சுக்கிடுவோம்" என்றார். அண்ணாச்சி பக்கம் திரும்பி, "உங்களுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"வருத்தம் இருக்கு சார், இல்லாம இருக்குமா? உள்ள நிக்கும்போது எனக்கே கேக்கல. கேட்ட மாதிரி இருந்துச்சு, அம்புட்டுதான்." வேட்டியின் ஈரத்தைப் பிழிந்தார். "என் கொரலுக்கு ஆள் நின்னு கேப்பான். இங்க நிக்கப்பிடாதுல்லா."

அவ்வளவுதான் சொன்னார். என்னிடம் இல்லை, அதிகாரியிடம். எங்கே பிரிந்தாலும் "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று சட்டையைப் போட்டுக்கொண்டே பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். அவருடைய துண்டு என் கையில் இருந்தது.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் அவள் இன்னும் வெளியே வாருங்கள், வெளியே வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் குரல் அதைத் தாண்டிப் போகவில்லை.